றம்லா சொன்ன தம்பி

இருபத்திரண்டு தடவை. 1994ஆம் ஆண்டிலிருந்து 2024 ஆவணி வரைக்கும், தன் தம்பி கடலில் இறந்துபோன கதையை றம்லா அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் கொழும்பிலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் ஜீப்பில் வந்தவர்கள். தேத்தண்ணி குடித்தார்கள், கொப்பியில் எழுதினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். தம்பியின் பெயர் ஆகிப். வயது பதினொரு நாள்.

றம்லாவுக்குத் தம்பி இருந்ததில்லை.

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. கல்பிட்டிக் களப்போரத்தில் கைட் விளையாட வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்குப் பொறுப்பு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் உலகத்தின் பாதி நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து, இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேல் பறப்பார்கள். கரையேறும்போது அகோரப் பசியோடு வருவார்கள். முப்பது பேருக்கு இடியப்பமும் மீன் கறியும் சம்பலும் செய்து வைத்துவிட்டு, றம்லா குசினி யன்னல் வழியாக அவர்களைப் பார்ப்பாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் போனதில்லை. கணவர் லாபிர் அதே விடுதியின் பாதுகாப்பு போட் ஓட்டுகிறார். விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு வருவது அவருடைய வேலை. கலியாணமாகி இருபத்தொரு வருடத்தில் அந்த போட்டில் றம்லா ஒரு தடவைகூட ஏறியதில்லை.

அதற்குக் காரணம் உண்மையான காரணம். 1990 ஒக்டோபர் கடைசியில், புலிகள் இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன வாரத்தில், எட்டு வயது றம்லா மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உம்மாவோடும் வாப்பாவோடும் மீன்பிடி போட் ஒன்றில் கல்பிட்டிக்கு வந்தாள். போட்டில் நாற்பது பேர். மழை. வழி முழுக்க வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் கடல் ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டும். இருபத்திரண்டு தடவை சொன்ன கதையில் அந்தப் பயம் மட்டும்தான் அவளுடைய சொந்தம்.

மற்றது வந்த விதம் இது. மாம்புரிக்குப் பக்கத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக இருந்தன. உதவி நிறுவனங்களின் வெள்ளை ஜீப் வந்தால் வரிசைக்கு ஒரு ஆள் பேச வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்தவர் பத்துப் பேருக்கு நிரப்பிக் கொடுப்பதைப் போல, வாய் உள்ளவர் வாய் இல்லாதவருக்காகப் பேசுவது முகாமின் வழக்கம். றம்லாவுக்குப் பன்னிரண்டு வயதில் நல்ல வாய். முதல் தடவை, எருக்கலம்பிட்டியில் விட்டுவிட்டு வந்த புதுச் செருப்பைப் பற்றிச் சொன்னாள். வந்திருந்த பெண் சிரித்துவிட்டுப் பேனையை மூடினாள். அப்போதுதான் றம்லாவுக்கு போட்டில் சபூரா ராத்தாவின் மடியில் வந்து, பிறகு இறந்துபோனதாகக் கேள்விப்பட்ட பிள்ளை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னாள். பேனை மறுபடி திறந்தது, நிற்காமல் ஓடியது. அடுத்த கிழமை அந்த வரிசைக்கு மட்டும் கூரை மூடத் தறப்பாள் வந்து இறங்கியது.

பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே, “றம்லாவக் கூப்பிடுங்க” என்பார்கள். “எங்கட போட்ல ஒரு புள்ள” என்று தொடங்கிய கதை, நாலாம் தடவை “எங்கட வீட்டுப் புள்ள” ஆனது. ஆறாம் தடவை “என்ட தம்பி.” பெயர் கேட்டார்கள், பெயர் வைத்தாள். உடலை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள், கடலில் விட்டோம் என்றாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே போட்டில் வந்தவர்களின் துக்கம் அந்த போட்டுக்கே பொது என்று நினைத்தாள். ஒரு தடவை சபூரா தண்ணி வரிசையில் அலுமினியக் குடத்தோடு நின்றார். கதை நடுவில் அவருடைய முகத்தை றம்லா பார்த்தாள். சபூரா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அதைச் சம்மதம் என்று றம்லா எடுத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் தடவையின்போது முகாமுக்குத் தண்ணி பவுசர் ஓட்டி வந்த கல்பிட்டிப் பொடியன் ஒருவன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் லாபிர். இரண்டு மாதத்தில் பெண் கேட்டு ஆள் அனுப்பினான்.

கலியாணமான முதல் வருடம் ஒக்டோபரில் லாபிர் ஒரு ஆடு வாங்கி வந்தார். “உன்ட தம்பிட பேர்ல கத்தம் ஓதி சோறு குடுப்பம்” என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் போய்விட்டது. அன்றிலிருந்து வருடாவருடம் ஆகிப் என்ற பெயருக்கு துஆ கேட்டு, அறுபது பேர் சாப்பிட்டுப் போகிறார்கள். சமைப்பது றம்லா.

இருபத்து மூன்றாம் தடவைதான் பிரச்சினையாக வந்தது.

டெனிஷா கொழும்பிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்தவள். இருபத்தொன்பது வயது, வேகமான தமிழ், கழுத்தில் எப்போதும் ஒரு கெமரா. அவளுடைய படத்தில் கண்டக்குளி மீனவன் கில்பட் கைட்டில் கல்பிட்டியிலிருந்து மன்னார் பக்கமாகக் கடலைக் கடக்க வேண்டும். 1990இல் சனங்கள் போட்டில் வந்த அதே தண்ணீர், எதிர்த் திசையில். நடுநடுவே களப்புச் சனங்களின் சாப்பாடு, பழக்கவழக்கம், விழுந்து எழுந்த கதைகள்.

“எல்லாத்தையும் ஒரே சட்டியில போடுறீங்க,” என்றான் கில்பட். “கருகிடாமப் பாத்துக்கங்க.”

திங்கட்கிழமை குசினியில் படம் எடுத்தார்கள். “கெமராவப் பாக்க வேணாம் அக்கா, கணவாயப் பாருங்க,” என்றாள் டெனிஷா. “கை வேலை செஞ்சா வாய் தானாப் பேசும்.” அது சரியாகத்தான் இருந்தது. கணவாயின் தோலை உரித்து, மையைப் பிரித்து, வளையம் வளையமாக வெட்டிக்கொண்டே றம்லா கதையைச் சொல்லி முடித்தாள். மூன்று இடத்தில் நிறுத்தினாள், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மைக் பிடித்திருந்த ஆள் மூக்கை உறிஞ்சினான்.

“நன்றி அக்கா. ஜனவரியில பாருங்க, பெரிய திரையில வரும்.”

“எங்க, கொழும்புலயா?”

“கொழும்பு பிறகு. முதல்ல இங்கதான். கடற்கரையில திரை கட்டி, மாம்புரி, முந்தல், எல்லா இடத்திலயும் இருந்து ஆக்களக் கூட்டிட்டு வந்து. தமிழ்லதான்.”

றம்லாவின் கத்தி பலகையில் நின்றது. இருபத்திரண்டு தடவையும் கதை இங்கிலீசுக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. அது திரும்பி வரும் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“அந்த போட்ல வந்த வேற ஆக்கள் இருக்கிறாங்களா அக்கா?” என்றாள் டெனிஷா. “ரெண்டு பேர் சொன்னா இன்னும் பலம்.”

“எல்லாம் மௌத்தாகிட்டாங்க.”

வாசலில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்த கில்பட் குறுக்கிட்டான். “என்னக்கா, மாம்புரி சபூரா ராத்தா இருக்கிறா தானே. எங்கட அம்மா அவகிட்டத்தான் கருவாடு வாங்குற. அவவும் அந்த போட்டுத்தான் எண்டு சொன்னாவே.”

டெனிஷா பெயரை எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை கடல். சனிக்கிழமை சபூரா.

அன்று பின்னேரம் லாபிர் வீட்டுக்கு வரும்போது முகம் மலர்ந்திருந்தது. “அந்தப் புள்ள என்னக்கிட்ட கதைச்சிச்சி. வியாழக்கிழமை உன்னையும் போட்ல ஏத்தணுமாம். தம்பிய விட்ட இடத்துல பூப் போடணுமாம். பூவெல்லாம் நம்மட வழக்கமில்ல, யாசீன் ஓதுவம் எண்டு சொல்லிட்டன்.”

“எனக்குக் கடல் ஏலாதெண்டு தெரியும் தானே.”

“நான்தானே ஓட்டுறன், புள்ள. இருவத்தொரு வருசமாக் கத்தம் குடுக்கிறன், இடத்தப் பாத்ததில்ல. ஒருக்காக் காட்டு.”

அன்று அவள் சாப்பிடவில்லை. சட்டி கழுவும்போது கை தவறி ஒரு பீங்கான் உடைந்தது. திரையை நினைத்தாள். சபூரா பாயில் உட்கார்ந்து பார்ப்பார். பக்கத்தில் லாபிர் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் இருபத்தொரு வருடம் அந்தச் சோற்றைத் தின்றவர்கள் இருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சபூராவின் கருவாட்டு வாடி மாம்புரிக் கடற்கரையில் இருக்கிறது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வலை விரித்த பந்தலில் கீரி மீனைப் பரப்பிக்கொண்டிருந்தவர், றம்லாவைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை.

“கல்பிட்டி மாப்பிள எடுத்த பொறகு இந்தப் பக்கம் காணல்லயே. கருவாடு வேணுமா?”

“இல்ல ராத்தா. ஒரு கதை இரிக்கி.”

“கதையெண்டா உனக்கிட்டத்தான் இரிக்கணும்.”

படம், திரை, சனிக்கிழமை எல்லாவற்றையும் றம்லா ஒரே மூச்சில் கொட்டினாள். கெமராக்காரர் வந்து கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொல்லிக் கேட்டாள். சபூரா மீனைத் திருப்பிப் போட்டபடியே இருந்தார். ஈ விரட்டும் ஓலையை இரண்டு தடவை வீசினார்.

“எனக்குத் தெரியாதெண்டா நினைச்ச? எல்லாம் கேட்டன். குடத்தோட நிண்டு கேட்டன். உன்ட வாயால தறப்பாள் வந்திச்சி, பால்மா வந்திச்சி. அதுக்குப் பொறகு பொறந்த என்ட ரெண்டு புள்ளையும் அந்தப் பால்மாவுலதான் வளந்திச்சி. நான் என்னத்தச் சொல்ல?”

“ராத்தா...”

“ஒண்டு மட்டும் கேக்கணுமெண்டு இருந்தன். ஏன் அத ஆம்புளப் புள்ளயாக்கின?”

றம்லா நிமிர்ந்து பார்த்தாள்.

“பொம்புளப் புள்ள. ஏழாம் நாள் பேர் வச்சம். பஸீஹா.” சபூரா கையில் ஒட்டிய செதிலைச் சீலையில் துடைத்தார். “கடல்ல விட்டதாம் எண்டு சொல்லுற. நான் விடல்ல. போட்ல வச்சே மூச்சு நிண்டிட்டு. சொன்னா வாங்கித் தண்ணியில போட்டிருவாங்க எண்டு, ஒருத்தருக்கும் சொல்லல்ல. பால் குடுக்கிற மாதிரி முந்தானையால மூடிக்கிட்டு வந்தன். கல்பிட்டி மண்ணுல கால் வச்ச பொறகுதான் சொன்னன். கபன் போட்டு அடக்கினம்.”

காற்று ஓலையைப் படபடக்க வைத்தது. அந்த போட்டில் றம்லா சபூராவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். மூடிய முந்தானையை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குள் என்ன இருந்தது என்று முப்பது வருடமாகத் தெரியாமலே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

“அந்த ஆக்கள் வந்தா என்ன சொல்லுவீங்க?”

“கேட்டாச் சொல்லுவன். கேக்காட்டிச் சொல்ல மாட்டன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல.” சபூரா அடுத்த கூடையைக் கவிழ்த்தார். “நேரத்தோட போ. மூணு மணி பஸ் விட்டா அஞ்சுக்குத்தான்.”

வியாழக்கிழமை காலை கச்சான் வெறிகொண்டு வீசியது. கைட்டுக்கு நல்ல காற்று என்றான் கில்பட். இன்னும் மறுத்தால் லாபிர் சந்தேகப்படுவார் என்றுதான் றம்லா வந்திருந்தாள். லாபிர் அவளுக்கு மிதவை ஜெகட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.

“இது இருந்தா ஒண்டும் நடக்காது அக்கா,” என்றான் கில்பட். “சுறாவே வந்து கடிச்சாலும் றப்பர் எண்டு துப்பிட்டுப் போகும்.”

“சுறா முதல்ல உன்னத்தான் கடிக்கும், சும்மா இரு,” என்றார் லாபிர்.

போட் களப்பின் வாயைத் தாண்டியதும் அடியில் கடல் மாறியது. ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் எழும்பிப் பலகையில் அறைந்தது. றம்லா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, கண்ணை மூடி, தெரிந்த சூராக்களை எல்லாம் கலந்து ஓதினாள். வாந்தி வந்தது. டெனிஷா ஒரு கையில் கெமராவும் மறு கையில் போத்தல் தண்ணியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கெமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் கில்பட்டின் மஞ்சள் கைட் வானத்தில் சாய்ந்து சாய்ந்து போனது.

ஒரு மணி நேரம் கழித்து கைட் வானத்தில் இல்லை.

லாபிர் எழுந்து நின்றார். “விழுந்திட்டான். எந்தப் பக்கம்?” ஒருவருக்கும் தெரியவில்லை. பார்த்த இடமெல்லாம் வெள்ளை நுரை, ஒவ்வொன்றும் ஒரு தலையைப் போலத் தெரிந்தது. போட் குறுக்கே திரும்பியபோது அலை ஒன்று உள்ளே ஏறி றம்லாவின் மடியில் விழுந்தது. அவள் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. இப்போது இந்த போட் கவிழ்ந்தால் தான் அந்தப் பொய்யோடுதான் போவேன் என்று தோன்றியது. லாபிர் தனக்கும் வருடாவருடம் கத்தம் ஓதுவார். அந்த துஆவில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஆகிப் என்று ஒரு பெயரும் இருக்கும்.

நாலு நிமிடம். மஞ்சள் துணி தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்ததை லாபிர்தான் கண்டார். கயிறு காலில் சுற்றி, உதடு கிழிந்து, கில்பட் அதன் மேல் படுத்திருந்தான். இழுத்துப் போட்டதும் இருமி இருமித் துப்பினான்.

“நல்லாப் பயந்திட்டீங்களா லாபிர் நானா?”

“நான் பயப்படல்ல. உன்ட அம்மாக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சன்.”

“கைட்டக் காப்பாத்திட்டம் எண்டு சொல்லுங்க.”

அலை அடங்கிய ஒரு மணல்திட்டின் மறைவுக்கு போட்டைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் மெதுவாக ஓடியது. கில்பட் துவாயைப் போர்த்திக்கொண்டு மூலையில் நடுங்கினான். டெனிஷா கெமராவைத் தூக்கினாள்.

“அக்கா, ஏலுமெண்டா இப்பவே எடுப்போம். தம்பிய விட்ட இடம் இந்தப் பக்கம்தானே?”

லாபிர் தலைக்குத் தொப்பியைப் போட்டார். பொலித்தீன் பையிலிருந்து யாசீன் கிதாபை எடுப்பதற்கு முன், ஈரக் கைகளைத் தன் சேட்டின் காய்ந்த பக்கத்தில் நன்றாகத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு றம்லாவால் இருக்க முடியவில்லை.

“ஓதாதீங்க,” என்றாள்.

“ஏன், வாந்தி வருதா?”

“இல்ல. இங்க ஒருத்தரும் இல்ல.”

அவருக்கு விளங்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து அதை நிறுத்தினார். நிறுத்தியதும் கடலும் காற்றும் மட்டும் மிஞ்சின. இனி மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும்.

“எனக்குத் தம்பி இல்ல. உம்மாக்கு நான் மட்டும்தான். அந்தப் புள்ள சபூரா ராத்தாட. ஆம்புளப் புள்ளயும் இல்ல. பேர் பஸீஹா. கடல்ல விடவும் இல்ல. கல்பிட்டியில அடக்கியிரிக்கி. நான்தான் மாத்திச் சொன்னன். எல்லாருக்கும் சொன்னன், உங்களுக்கும் சொன்னன்.”

கெமரா அசையாமல் இருந்தது. கில்பட் துவாயைத் தலைவரை இழுத்துக்கொண்டான். லாபிர் கிதாபைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அடித்துவிடுவார் என்று றம்லா பயந்தாள். இருபத்தொரு வருடத்தில் அவர் அவளை அடித்ததில்லை. ஆனால் அவள் அப்படிப் பயந்தாள். பிறகு அவர் அடிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் அதைவிடக் கூடப் பயந்தாள்.

“ஒவ்வொரு வருசமும் சமைச்சியே,” என்றார் கடைசியில்.

“ஓம்.”

“அறுவது பேருக்கு.”

“ஓம்.”

கிதாபைப் பைக்குள் போட்டு, வாயை இரண்டு தடவை முறுக்கி, தன் சேட்டுக்குள் செருகினார். “சபூரா ராத்தாக்குத் தெரியுமா?”

“முதல் நாள்ள இருந்தே தெரியும். செவ்வாக்கிழமதான் என்னக்கிட்டச் சொன்னா.”

லாபிர் எஞ்சினை இழுத்தார். முதல் இழுவையில் பிடிக்கவில்லை, இரண்டாவதில் பிடித்தது. கரை வரும்வரை அவர் பேசவில்லை. கரையில் இறங்கும்போது வழக்கம்போல் டெனிஷாவுக்கும் கில்பட்டுக்கும் கை கொடுத்தார். றம்லாவின் ஜெகட்டைக் கழற்றிவிட்டார், கொக்கி கொக்கியாக.

பின்னேரம் டெனிஷா குசினிக்கு வந்து, திங்கட்கிழமை எடுத்ததையும் இன்று எடுத்ததையும் என்ன செய்வது என்று கேட்டாள். றம்லா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“அது சபூரா ராத்தாட புள்ள. அவக்கிட்டக் கேளுங்க,” என்றாள்.

“அவங்க வேணாமெண்டு சொன்னா?”

“அப்ப கணவாய மட்டும் காட்டுங்க.”

வெள்ளிக்கிழமை லாபிர் ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து, சோறு தின்று, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தார். சீனி போதுமா என்று அவள் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு டெனிஷாவின் வான் மாம்புரிக்கு, சபூராவின் வாடிக்குப் புறப்படுகிறது. லாபிர் தனக்கு ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறார். றம்லாவை வரச் சொல்லவில்லை.